சொன்னவரும் குறித்துக்கொண்டவரும்: சயின்டாலஜியின் ஆடிட்டிங் பற்றி வெளியேறியோர் தரும் சாட்சியம்

சமயமும் உளவியலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எல்லையில் இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய இயக்கங்களுள், அமெரிக்காவில் பிறந்த சயின்டாலஜியைப் போல நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒருசேர விவாதிக்கப்பட்டவை மிகச் சிலவே. அது மதமா வணிகமா என்ற வழக்கும், அதற்கு அளிக்கப்பட்ட வரிவிலக்கும், அதில் சேர்ந்த ஹாலிவுட் நட்சத்திரங்களின் பெயர்களும் அந்த விவாதங்களில் பெரும் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் அவ்வியக்கத்தின் உயிர்நாடி, சிறிய அறை ஒன்றில் இருவர் மட்டும் எதிரெதிரே அமர்ந்து நடத்தும் ஆடிட்டிங் என்ற பயிற்சியே ஆகும். கணக்குத் தணிக்கையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இந்த ஆடிட்டிங், பயிற்சி பெற்ற ஒருவர் வரிசையாகக் கேள்விகள் கேட்க, எதிரில் இருப்பவர் தம் கடந்தகால நினைவுகளைத் தேடியெடுத்துச் சொல்லி, அதன்வழி மனச்சுமையிலிருந்து விடுபடுவதாகக் கருதப்படும் ஆன்மிக நெறிப்படுத்தல் ஆகும்.

இந்த அறைக்குள் பல ஆண்டுகள் அமர்ந்திருந்து, பின்னர் இயக்கத்தைவிட்டு வெளியேறியவர்கள் நூல்களிலும் நீதிமன்ற வாக்குமூலங்களிலும் ஆவணப்படங்களிலும் சொல்லியிருப்பவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அவர்கள் சொல்வது ஒரே குரலில் அமையவில்லை. ஆடிட்டிங் தங்களுக்கு உண்மையான ஆறுதலைத் தந்தது என்று சொல்பவர்கள், அதே மூச்சில், தங்களை நெடுங்காலம் கட்டிப்போட்டதும் அதுவே என்கிறார்கள். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதையும், ஆறுதல் பிறந்த இடத்திலேயே கட்டும் பிறந்தது என்பதையும் காட்டுவது இங்கே மேற்கொள்ளப்படும் வாதம்.

1. கோட்பாட்டின் தோற்றம்

சயின்டாலஜியைத் தோற்றுவித்த எல். ரான் ஹப்பர்ட் 1911-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் டில்டன் என்ற ஊரில் பிறந்தவர். அறிவியல் புனைகதை இதழ்களில் ஏராளமாக எழுதியவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். மனநலம் பற்றிய அவருடைய கருத்துகள் முதன்முதலில் பரவலான வாசகர்களைச் சென்றடைந்தது, ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் ஆசிரியராக இருந்த 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற புனைகதை இதழின் வழியாகவே. அதை ஒட்டி 1950 மே மாதத்தில் வெளியான 'டயனடிக்ஸ்' என்ற நூல் அமெரிக்காவெங்கும் பெரும் விற்பனை கண்டது.

அந்நூல் முன்வைத்த கோட்பாடு எளிமையானது. மனிதமனம் இரு பகுதிகளைக் கொண்டது; ஒன்று, பகுத்தறிந்து முடிவெடுக்கும் மனம்; மற்றது, 'ரியாக்டிவ் மைண்ட்' எனப்படும் எதிர்வினை மனம். உடல் வலியிலோ மயக்கத்திலோ ஒருவர் இருக்கும்போது நிகழ்பவையும் பேசப்படுபவையும் இந்த எதிர்வினை மனத்தில் 'எங்க்ராம்' என்ற பதிவுகளாகத் தங்கிவிடுகின்றன என்றும், பிற்கால அச்சங்களுக்கும் நோய்களுக்கும் தவறான முடிவுகளுக்கும் அவையே காரணம் என்றும் ஹப்பர்ட் எழுதினார். எங்க்ராம்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, அவற்றின் விசை தீரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் எதிர்வினை மனம் அழிந்துவிடும். அந்நிலையை அடைந்தவர் 'கிளியர்'. அதை நோக்கிச் செல்பவர் 'ப்ரீ-கிளியர்'. அவரை நடத்திச் செல்பவர் 'ஆடிட்டர்'.

மருத்துவ உலகம் இதை ஏற்கவில்லை. கூறப்பட்ட பலன்களுக்குச் சோதனைவழிச் சான்று இல்லாததால், உறுப்பினர்கள் இம்முறையைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு அமெரிக்க உளவியல் சங்கம் 1950 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முந்தைய மாதம் லாஸ் ஏஞ்சலஸின் ஷ்ரைன் அரங்கில், முழு நினைவாற்றல் பெற்ற முதல் கிளியர் என்று ஆயிரக்கணக்கானோர் முன் அறிமுகப்படுத்தப்பட்ட இயற்பியல் மாணவி, ஹப்பர்ட் பார்வைக்கு மறைவாகத் திரும்பி நின்றபோது அவர் அணிந்திருந்த கழுத்துப்பட்டையின் நிறத்தைக்கூடச் சொல்ல இயலாமல் நின்றார். டயனடிக்ஸ் அலை விரைவில் ஓய்ந்தது. ஆனால் ஹப்பர்ட் தம் முறையைக் கைவிடவில்லை. உடலையும் மனத்தையும் கடந்த 'தீட்டன்' என்ற ஆன்மா உண்டு என்றும், அது எண்ணற்ற பிறவிகளின் பதிவுகளைச் சுமந்து வருகிறது என்றும் கோட்பாட்டை விரித்து, 1953 டிசம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் சயின்டாலஜித் திருச்சபையைப் பதிவுசெய்தார். வேதங்களையும் பௌத்தத்தையும் தம் நெறியின் முன்னோடிகளாக அவர் சொல்லிக்கொண்டபோதிலும், வினைக்கொள்கையில் அறநெறிக்கு அடிப்படையாக நிற்கும் முற்பிறவி, இவருடைய முறையில் கருவி கொண்டு நாள் குறித்து மீட்டெடுக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியாக மாறிவிட்டது என்பதைத் தமிழ் வாசகர் மனத்திற்கொள்வது நல்லது.

2. அறையும் கருவியும்

அந்தக் கருவி ஈ-மீட்டர் எனப்படும். வோல்னி மேத்திசன் என்பவர் உருவாக்கியதும் 1950களின் தொடக்கத்தில் ஹப்பர்ட் ஏற்றுக்கொண்டதுமான இதில், ப்ரீ-கிளியர் இரு கைகளிலும் பிடித்துக்கொள்ளும் இரண்டு உலோகக் குவளைகளும், அவற்றின் வழியே உடலில் செலுத்தப்படும் மிக நுண்ணிய மின்னோட்டமும், அந்த மின்னோட்டத்துக்கு உடல் காட்டும் தடை மாறுவதற்கேற்ப அசையும் முள்ளும் உண்டு. தோலின் ஈரம், பிடியின் இறுக்கம், உணர்ச்சிவசப்படும்போது வியர்வைச் சுரப்பிகளில் ஏற்படும் மாற்றம் ஆகியவை முள்ளை அசைக்கின்றன என்பதே உடலியல் தரும் விளக்கம். மனத்தில் உள்ள சுமையே முள்ளை அசைக்கிறது என்பது சயின்டாலஜியின் விளக்கம். 1963 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வாஷிங்டனில் உள்ள சயின்டாலஜி மையத்தில் சோதனை நடத்தி நூற்றுக்கு மேற்பட்ட மீட்டர்களைப் பறிமுதல் செய்தது. அவ்வழக்கில் 1971-இல் தீர்ப்பளித்த நீதிபதி கெர்ஹார்ட் கெசல், நோயறியவோ நோய் தீர்க்கவோ மீட்டர் உதவாது என்ற அறிவிப்போடு, சமய நெறிப்படுத்தலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்றார்.

வெளியேறியவர்கள் தரும் விவரங்கள், காலமும் நாடும் வேறுபட்டாலும், அறைக்குள் நடப்பதைப் பற்றி வியப்பளிக்கும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. அமர்வுக்கு வருபவர் நன்றாக உறங்கியும் வயிறார உண்டும் இருக்க வேண்டும். முந்தைய ஒரு நாளுக்குள் மது அருந்தியிருக்கக் கூடாது. மேசைமீது மீட்டர் ஆடிட்டரை நோக்கி வைக்கப்பட்டிருக்கும். முள்ளையும், ஆடிட்டர் எழுதும் தாளையும் ப்ரீ-கிளியர் பார்க்க முடியாது. யாரோடாவது மனத்தாங்கல் உண்டா, மனத்தை அரிக்கும் சிக்கல் ஏதும் உண்டா, சொல்லாமல் மறைத்தது எதுவும் உண்டா என்ற தொடக்கக் கேள்விகள் முதலில் வரும். அவை தீர்ந்தபின் அன்றைக்குரிய கேள்வி ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டு, ஒரே சொற்களில், ஒரே தொனியில், பலமுறை கேட்கப்படும். ஒவ்வொரு பதிலுக்கும் ஆடிட்டர் சுருக்கமாக நன்றி சொல்வார். விளக்கம் தரமாட்டார், அறிவுரை கூறமாட்டார், முகம் சுளிக்கவும் மாட்டார். இதே போன்ற நினைவு இதற்கு முன்பும் உண்டா என்று அவர் பின்னோக்கிக் கொண்டுபோகும்போது, பேச்சு குழந்தைப் பருவத்துக்கும், பிறப்புக்கும், பிறப்புக்கு முந்தைய காலத்துக்கும் சென்றுவிடும். முள் இருபுறமும் ஒரே சீராக மெல்ல மிதந்தாடத் தொடங்கி, ப்ரீ-கிளியரின் முகமும் தெளிந்தால், அந்தக் கேள்வி முடிந்ததாக ஆடிட்டர் அறிவிப்பார்.

அதன்பின் நடப்பவையும் கவனத்துக்குரியவை. ப்ரீ-கிளியர் வேறோர் அறையில் உள்ள பரிசோதகரிடம் சென்று மறுபடியும் குவளைகளைப் பிடித்துக்காட்ட வேண்டும். ஒரு படிநிலை முடிந்திருந்தால், தாம் பெற்ற பலனை எழுதித் தர வேண்டும். ஆடிட்டர் அமர்வு முழுதும் நேரத்தையும் முள்ளின் அசைவுகளையும் சொல்லப்பட்ட செய்திகளையும் கையால் குறித்துவைத்த தாள்கள் ஒரு கோப்பில் சேர்க்கப்படும். ப்ரீ-கிளியரை நேரில் காணாத மேற்பார்வையாளர் ஒருவர் அந்தக் கோப்பைப் படித்து அடுத்த அமர்வில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புவார். ஆக, இருவர் மட்டும் இருப்பதாகத் தோன்றும் அறையில் மூன்றாவதாக ஒரு நிறுவனமும் அமர்ந்திருக்கிறது.

3. ஆறுதலின் உண்மை

வெளியேறியவர்களின் சாட்சியத்தில் முதலில் மதிக்கவேண்டியது, ஆடிட்டிங்கில் தங்களுக்கு நன்மை கிடைத்தது என்ற அவர்களுடைய கூற்று. எழுத்தாளர் வில்லியம் பரோஸ் 1968-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் அருகே உள்ள செயின்ட் ஹில் மாளிகையில் பயின்று கிளியர் நிலையை அடைந்தவர். பின்னர் அவ்வமைப்பின் இரகசியப் போக்கையும் அதிகார முறையையும் கடுமையாக எதிர்த்து எழுதியபோதும், மீட்டரும் ஆடிட்டிங் முறையும் பயனுள்ளவை என்ற கருத்தை அவர் விட்டுவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருந்து 2009-இல் வெளியேறிய திரைப்பட இயக்குநர் பால் ஹாகிஸும் தொடக்கநிலைப் பயிற்சிகளால் தாம் அடைந்த நன்மையை மறைக்கவில்லை. இயக்கத்தின் மூத்த மேற்பார்வையாளராக இருந்து 1983-இல் விலக நேர்ந்த டேவிட் மேயோ, கலிபோர்னியாவில் தனி மையம் ஒன்றைத் தொடங்கி ஆடிட்டிங்கைத் தொடர்ந்தார். திருச்சபைக்கு வெளியே அம்முறையைக் கடைப்பிடிப்போர் 'ஃப்ரீ சோன்' என்ற பெயரிலும் பிற பெயர்களிலும் இன்றுவரை இயங்கிவருகின்றனர்.

இந்த ஆறுதலுக்குக் காரணம் தேட எங்க்ராம் கோட்பாடு தேவையில்லை. இடைமறிக்காமல், தீர்ப்புச் சொல்லாமல், முழுக் கவனத்தோடு தம் பேச்சைக் கேட்க ஒருவர் மணிக்கணக்கில் எதிரே அமர்ந்திருப்பது பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறைகூட வாய்க்காத அனுபவம். மனத்துக்குள் பூட்டிவைத்த துயரத்தைச் சொல்லாலோ எழுத்தாலோ வெளிப்படுத்துவது நலம் பயக்கக்கூடும் என்பதை, உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் தொடங்கிய ஆய்வு மரபு சான்றுகளோடு விவாதித்து வருகிறது. சயின்டாலஜி ஆடிட்டர்கள், எதிரில் இருப்பவரை அசையாமல் நெடுநேரம் நோக்கியிருக்கும் பயிற்சியையும், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை அதைவிட்டு விலகாத பயிற்சியையும் பலமுறை செய்து பழகியவர்கள், கேட்பதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்டவர்கள். அவர்களிற் பலர் தம் வேலையை உண்மையான கருணையோடு செய்தனர் என்பதையும் வெளியேறியவர்கள் மறுப்பதில்லை.

1983-இல் வெளியேறி, அவ்வியக்கத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய ஜான் அட்டாக் இதில் வேறொரு பக்கத்தைச் சுட்டுகிறார். திரும்பத் திரும்ப வரும் ஒரே கேள்வி, உள்நோக்கித் திரும்பிய கவனம், இறுதியில் எழும் பரவசம் ஆகியவை மனவசிய நிலையின் கூறுகள் என்றும், அப்பரவசத்தில் இருப்பவர் சொல்லப்படுவதை ஆராயாமல் ஏற்கும் நிலையில் இருக்கிறார் என்றும் அவர் வாதிடுகிறார். திருச்சபை இதை ஏற்பதில்லை. ஆடிட்டிங்கின்போது ஒருவர் முழு விழிப்புடன் இருக்கிறார் என்பதே அதன் நிலை. எவ்வாறாயினும், அமர்வு முடிந்து எழும் மகிழ்ச்சி ஓர் அனுபவம். அதற்குக் காரணம் தீட்டனும் எங்க்ராமும் என்பது ஒரு கோட்பாடு. முன்னது மெய்யாக இருப்பதால் பின்னதும் மெய்யாகிவிடாது. வெளியேறியவர்களிற் பலர் நெடுங்காலம் கழித்து உணர்ந்ததாகச் சொல்லும் வேறுபாடு இதுதான்.

4. நினைவு எங்கிருந்து வந்தது?

ஆடிட்டிங்கில் தோன்றும் நினைவுகள் உண்மை நிகழ்ச்சிகளின் பதிவுகளா என்ற கேள்வி, எழுப்பப்பட்ட காலத்திலேயே சோதிக்கப்பட்டது. ஃபாக்ஸ், டேவிஸ், லெபோவிட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், மருந்தால் மயக்கப்பட்ட ஒருவரிடம் நூற்பகுதி ஒன்றைப் படித்துக்காட்டி, பின்னர் டயனடிக்ஸ் முறையில் பல மாதங்கள் ஆடிட்டிங் செய்யவைத்துப் பார்த்தனர். மயக்கத்தில் கேட்டவை சொல் பிசகாமல் பதிவாகும் என்பது கோட்பாடாயினும், அந்தப் பகுதி நினைவுக்கு வரவில்லை என்பதை அவர்கள் 1959-இல் வெளியிட்டனர். நினைவு ஒலிநாடாவைப் போலத் தேங்கிக் கிடப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்பப்படுகிறது என்பதைப் பிற்கால உளவியல் நிலைநாட்டியது. எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய மாணவியும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத கதையொன்று குடும்பத்தார் சொன்னதாகக் கூறி முன்வைக்கப்பட்டபோது, 24 பேரில் ஏறத்தாழக் கால்பங்கினர் அதை முழுதாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தனர்.

ஆடிட்டிங் அறையில் இதற்கான சூழல் இன்னும் வலுவாக அமைந்திருக்கிறது. முந்தைய நிகழ்ச்சி ஒன்று உண்டு என்ற எடுகோளோடுதான் கேள்வியே தொடங்குகிறது; மனத்தில் ஒரு காட்சி மின்னிய கணத்தில் முள் அசைந்தால், அதோ, அது என்ன என்று ஆடிட்டர் சுட்டுகிறார்; ஆண்டுகளா, நூற்றாண்டுகளா, பல்லாயிரம் ஆண்டுகளா என்று எண்களைச் சொல்லி முள் அசையும் இடத்தில் நாள் குறிக்கப்படுகிறது; காட்சி விரிந்து முள் மிதந்தால் அமர்வு இன்பமாக முடிகிறது. எத்தகைய பதில் அமர்வை முடித்துவைக்கும் என்பதை ப்ரீ-கிளியர், தாமே அறியாமல், கற்றுக்கொள்கிறார். இதில் எவரும் எவரையும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டியதில்லை. அன்று கண்ணீரோடு கண்ட முற்பிறவிக் காட்சிகளைத் தாங்கள் பொய்யாகப் புனையவில்லை, கண்டதாகவே நம்பினோம் என்று வெளியேறியவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கலாம். தம் நினைவில் எது நடந்தது, எது அறையில் உருவானது என்று பிரித்தறிய முடியாத நிலையே அவர்களிற் பலர் சுமந்துவந்த பெருந்துன்பம்.

5. வாக்குமூலம் கோப்பாகும்போது

ஆறுதல் கட்டாக மாறும் இடம் அந்தக் கோப்பு. ஆடிட்டிங்கில் சொல்பவை இரகசியமாகக் காக்கப்படும் என்ற உறுதிமொழியை நம்பியே ப்ரீ-கிளியர் தம் திருமண வாழ்வையும், குற்றங்களையும், குடும்ப இரகசியங்களையும் சொல்கிறார். ஆனால் 1960களின் தொடக்கத்திலிருந்தே அதே மீட்டரும் அதே நாற்காலிகளும் 'செக்யூரிட்டி செக்' என்ற வேறொரு நோக்கத்துக்கும் பயன்பட்டன. ஒருவர் செய்த தவறுகளையும், அமைப்பையோ ஹப்பர்டையோ பற்றி அவர் கொண்ட மாறான எண்ணங்களையும் நூற்றுக்கணக்கான கேள்விகளால் துருவும் விசாரணை அது. 1961-இல், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்றே ஒரு வினாப்பட்டியல் வெளியிடப்பட்டது. 1968-இல் இவ்விசாரணை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோதிலும், வேறு பெயர்களில் திரும்பி வந்தது. இயக்கத் தலைவர் டேவிட் மிஸ்கேவிஜின் அண்ணன் மகளான ஜென்னா மிஸ்கேவிஜ் ஹில், குழந்தைப் பருவத்திலிருந்தே இத்தகைய விசாரணைகளுக்கு உட்பட்டு வளர்ந்ததை 2013-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். தலைவரின் மனைவி பொது நிகழ்ச்சிகளில் காணப்படாதது ஏன் என்று கேட்டதை ஒட்டித் தாம் நீண்ட விசாரணைக்கு உள்ளானதையும் அதற்கான செலவையும் தாமே ஏற்க நேர்ந்ததையும் 2013-இல் வெளியேறிய நடிகை லியா ரெமினி பதிவுசெய்திருக்கிறார்.

கோப்புகள் தவறாகப் பயன்பட்டன என்ற குற்றச்சாட்டு வெளியேறியவர்களின் வாய்மொழியை மட்டும் நம்பி நிற்பதன்று. அமெரிக்க அரசு அலுவலகங்களில் ஊடுருவி ஆவணங்களைத் திருடிய குற்றம் தொடர்பாக 1977 ஜூலையில் எஃப்.பி.ஐ. நடத்திய சோதனையில் கைப்பற்றப்பட்ட ஆவணங்களுள், உறுப்பினர்களின் ஆடிட்டிங் கோப்புகளை உட்பாதுகாப்புக்காக ஆராயுமாறு 1969 டிசம்பரில் இயக்கத்தின் 'கார்டியன்ஸ் ஆபீஸ்' என்ற உளவுப்பிரிவு பிறப்பித்த ஆணையும் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வழக்கில் ஹப்பர்டின் மனைவி உட்பட 11 பேர் தண்டிக்கப்பட்டனர். அப்பிரிவு தன்னிச்சையாக நெறிதவறியது என்றும், அது கலைக்கப்பட்டுவிட்டது என்றும், கோப்புகளின் இரகசியம் பாதிரியாரிடம் செய்யும் பாவமன்னிப்பின் இரகசியம் போலவே காக்கப்படுகிறது என்றும் திருச்சபை கூறிவருகிறது. ஆனால் உறுப்பினர் ஒருவருக்கு அச்சத்தைத் தருவதற்குக் கோப்பு வெளியிடப்பட வேண்டியதில்லை. அது இருக்கிறது என்பதே போதும். மருத்துவரிடம் சொன்ன நோய் கடன் கொடுத்தவரின் காதுக்கும் எட்டும் என்று தெரிந்தவர் அதன்பின் எப்படிப் பேசுவாரோ, எப்படி வாய்மூடியிருப்பாரோ, அந்நிலையில்தான் வெளியேற நினைப்பவர் இருந்தார்.

6. முடிவற்ற படிக்கட்டு

இதோடு பணமும் இரகசியமும் சேர்ந்துகொள்கின்றன. ஆடிட்டிங் பன்னிரண்டரை மணிநேரத் தொகுதிகளாக முன்பணம் பெற்று விற்கப்படுகிறது; மேல்நிலைகளை எட்டும்வரை செலவிட்டது பல இலட்சம் டாலர் என்று வெளியேறியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கிளியர் நிலைக்கு மேலே உள்ள 'ஓ.டி.' நிலைகளின் போதனைகள், அந்நிலைக்கு உரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே காட்டப்படுகின்றன. 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சீனு என்ற அண்ட அரசன் பூமிக்குக் கொண்டுவந்து அழித்த உயிர்கள் மனிதர்மீது ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்ற மூன்றாம் ஓ.டி. நிலைக் கதையை, பூட்டிய கைப்பெட்டியில் தரப்பட்ட தாள்களில் முதன்முறை படித்த ஹாகிஸ், நம்புகிறவரை வெளியே தள்ளுவதற்கான மனநலச் சோதனையோ இது என்று எண்ணியதாகச் சொல்லியிருக்கிறார். ஆயினும் அவர் அன்று வெளியேறவில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்தார். அவ்வளவு காலமும் பொருளும் நட்பும் முதலீடு செய்த பின் ஐயத்தைத் தம்மீதே திருப்பிக்கொள்வது மனித இயல்பு.

கோட்பாடும் அதற்கு வழிசெய்து வைத்திருக்கிறது. ஆடிட்டிங் பலன் தந்தால் முறையின் வெற்றி. பலன் தராவிட்டால், ப்ரீ-கிளியர் எதையோ மறைக்கிறார், அல்லது 'சப்ரசிவ் பெர்சன்' எனப்படும் இயக்க எதிரி ஒருவரோடு தொடர்பில் இருக்கிறார். எந்த விளைவும் முறையைப் பொய்ப்பிக்காது. எந்தத் தோல்வியும் தோற்றவரின் குற்றமாகவே முடியும். வெளியேறத் துணிந்தவர் சப்ரசிவ் பெர்சன் என்று அறிவிக்கப்பட்டால், உள்ளே இருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் அவரோடு உறவை முறித்துக்கொள்கிறார்கள். இது தனிமனிதர் தாமே எடுக்கும் முடிவு என்பது திருச்சபையின் விளக்கம். பிள்ளைகளை இழந்த முன்னாள் உறுப்பினர்களின் அனுபவம் வேறு. மேலாண்மைப் பொறுப்புகளில் இருந்து 2007-இல் வெளியேறிய மைக் ரிண்டர், மனைவியையும் இரு பிள்ளைகளையும் இவ்வாறு இழந்தவர்.

முன்னாள் உறுப்பினர் லாரன்ஸ் வோலர்ஷைம் திருச்சபைமீது 1980-இல் தொடுத்த வழக்கு இச்சிக்கலின் மையத்தைத் தொட்டது. 1986-இல் நடுவர் குழு அவருக்கு 3 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. 1989-இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 25 இலட்சமாகக் குறைத்தபோதும், ஆடிட்டிங் சமயப் பயிற்சியாகவே கொள்ளப்பட்டாலும், வற்புறுத்தும் சூழலில் நடத்தப்பட்ட ஆடிட்டிங்குக்குச் சமயச் சுதந்திரத்தின் பாதுகாப்புக் கிடையாது என்று கூறியது. நெடிய சட்டப் போராட்டத்துக்குப் பின் 2002-இல் வட்டியோடு 86 இலட்சம் டாலருக்கு மேல் அவருக்குச் செலுத்தப்பட்டது. நம்பிக்கையின் உண்மைபொய்யை ஆராயாமல், போகும் உரிமை இருந்ததா என்று மட்டும் கேட்ட அத்தீர்ப்பு, இத்துறையில் பின்பற்றத்தக்க அளவுகோல்.

7. சாட்சியத்தை எப்படி எடைபோடுவது?

மதத்தைவிட்டு விலகியவர்களின் கூற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று பிரையன் வில்சன் முதலிய சமயச் சமூகவியலாளர்கள் வாதிட்டனர். விலகியவர், தாம் அங்கே இருந்ததற்கும் அதைத் துறந்ததற்கும் காரணம் காட்ட வேண்டியிருப்பதால், கடந்தகாலத்தைக் கொடுமைக் கதையாகத் திருத்தியமைத்துக்கொள்கிறார் என்பது அவர்களுடைய வாதம். நினைவு திருத்தியமைக்கப்படும் என்பதை மேலே ஏற்றுக்கொண்டபின், வெளியேறியவர்களின் நினைவுக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்க இயலாது. ஆகவே அவர்களுடைய சாட்சியத்தை மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்ப்பது முறை. ஒருவரையொருவர் அறியாத, வெவ்வேறு காலத்தவரும் நாட்டவருமான சாட்சிகள் ஒத்துச் சொல்கிறார்களா என்பது முதலாவது. இயக்கத்தின் சொந்த ஆணைகளும் நீதிமன்ற ஆவணங்களும் அதை உறுதிப்படுத்துகின்றனவா என்பது இரண்டாவது. சாட்சி தமக்குச் சாதகமற்றதையும் சொல்கிறாரா என்பது மூன்றாவது. அமர்வின் நடைமுறை, கோப்பு, செக்யூரிட்டி செக், உறவுமுறிவு ஆகியவை பற்றிய சாட்சியம் இம்மூன்றிலும் தேறுகிறது. ஆடிட்டிங் தங்களுக்கு நன்மையும் செய்தது என்ற ஒப்புதலும், தாமே பிறரை விசாரித்துத் துன்புறுத்தியதை ரிண்டர் போன்றோர் ஏற்றுக்கொண்டதும், வில்சன் அஞ்சிய கொடுமைக் கதையின் வார்ப்பில் அடங்காதவை.

வெளியேறியவர்களை ஏமாளிகள் என்று நகைப்பது எளிது. அதனால் எவருக்கும் பயனில்லை. அவர்கள் அறையைத் தேடிச் சென்றது சீனுவின் கதைக்காக அல்ல. தங்கள் பேச்சைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்காக. அத்தேவை எல்லா நாட்டிலும் எல்லா மக்களுக்கும் உண்டு. அதை நிறைவேற்ற முன்வரும் குருமாரும், ஆலோசகரும், பயிற்சி மையங்களும் எங்கும் உண்டு. மனத்தைத் திறந்து பேச எவரிடமேனும் செல்பவர், சொல்வது எழுதப்படுகிறதா, எழுதியதை யார் படிப்பார், அடுத்த படியில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்வார்களா, பலனில்லை என்றால் பழி யார்மீது விழும், விரும்பிய நாளில் எழுந்து போகலாமா என்ற ஐந்து கேள்விகளை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். இக்கேள்விகளுக்கு நேரான பதில் தர மறுக்கும் இடத்தில் எவ்வளவு ஆறுதல் கிடைத்தாலும் அங்கே தங்கக் கூடாது என்பதே, பல்லாண்டு வாழ்வையும் உறவையும் விலையாகக் கொடுத்து வெளியேறியவர்கள் பிறருக்குச் சொல்லும் பாடம்.